கம்பத்தில் ஆள் இருக்கிறார்

ஓசூர்,
21.12.2008, ஞாயிறு.

அன்புள்ள பிரதாப்புக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, லாவண்யா, ரூபாக்குட்டி நான்கு பேரும் சுகம். இந்த வரியை நீ இப்போது நம்பமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். அம்மாவுக்குக் குளிரில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள், துணி காயப்போடுவது என் வேலை. ரூபாவுக்குச் சளி வந்து போய்விட்டது. பள்ளியில் கன்னடப் பிள்ளைகளோடு சேர்ந்து என்னை 'தாத்தா, பாரோ' என்று, அதாவது 'வாடா' என்று, வேலைக்காரனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறாள், அம்மா கண்டிக்கிறாள், நான் எழுந்து போய்விடுகிறேன். எதிர்வீட்டு செல்வத்துக்குக் கம்பெனியில் மாதம் பத்து நாள் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், சிப்காட் பக்கம் பல கம்பெனிகளில் இதே கதைதான், உன் ஓட்டலில் எப்படி என்று எழுது. மார்கழி பிறந்து ஆறு நாளாகிறது, காலை எட்டு மணிக்கும் பேருந்து நிலையத்தில் பனி விலகவில்லை.

போன ஞாயிறு நீ போனில் கத்தியதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மாதமாக வீடே சேர்ந்து உன்னிடம் மறைத்துவிட்டது என்றாய், அது உண்மை. லாவண்யா சொல்லவேண்டாம் என்றாள், நாங்கள் சொல்லவில்லை. யாரோ நண்பன் வழியாக உனக்கு வந்து சேர்ந்த செய்தி 'உன் மனைவியைக் கூட்டம் சேர்ந்து அடித்துவிட்டது' என்பது மட்டும். அதைக் கேட்ட எந்தப் புருஷனும் நீ சொன்னதைத்தான் சொல்வான், ராஜினாமா எழுதிக் கொடு, பிப்ரவரிக்குள் ரூபாவைக் கூட்டிக்கொண்டு மஸ்கட் வந்து சேர் என்று. அவள் பதில் சொல்வதற்குள் உன் போன் கார்டு தீர்ந்துவிட்டது. போனில் பாதி பேசி நின்றுபோன விஷயம் மனதில் கோணலாகத் தங்கிவிடும். அதனால் முழுவதையும் எழுதுகிறேன். நான் அங்கே இல்லை. இருந்தவர்களில் ஏழு பேரிடம் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன், லாவண்யா ட்யூட்டியில் நேரம் குறித்து எழுதும் லாக் புத்தகத்தையும் பார்த்தேன். இருபத்தேழு வருடம் நிருபராக இருந்து எழுதிய எதையும் இவ்வளவு சரிபார்த்ததில்லை.

முதலில் அவள் வேலை என்ன என்று சொல்கிறேன், ஏனென்றால் கல்யாணமாகி ஆறு வருடத்தில் நானும் கேட்டதில்லை, நீயும் கேட்டிருக்கமாட்டாய். 'ஈபி ஆபீஸ்ல இன்ஜினீயர்' என்பதோடு நமக்குப் போதுமாக இருந்தது. கெலமங்கலம் பக்கத்துத் துணை மின் நிலையத்தில் அவள் உட்காரும் அறையிலிருந்து ஆறு திசைக்கு லைன் போகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரேக்கர், மூடினால் அந்தப் பக்கம் முழுவதும் மின்சாரம், திறந்தால் இருட்டு. எங்காவது கம்பி அறுந்தால் வயர்மேன் போன் செய்து லைன் கிளியர் கேட்பார், எல்.சி. என்பார்கள். இவள் பிரேக்கரைத் திறந்து, பூட்டி, நேரத்தை எழுதி, ஓர் எண் கொடுப்பாள். அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் அவர் கம்பத்தில் ஏறிக் கம்பியைத் தொடுவார். வேலை முடிந்து கீழே இறங்கி, வாங்கிய அதே ஆள், அதே எண்ணைச் சொல்லி, எல்.சி. ரிட்டர்ன் என்று தன் வாயால் சொல்லவேண்டும். அவர் சொல்லாமல் கலெக்டரே வந்து சொன்னாலும் பிரேக்கரை மூடக்கூடாது. அவர்கள் தொழிலில் உள்ள விதிகளிலேயே மாற்றமே இல்லாத விதி இதுதான் என்றாள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆள், இவள் சொன்ன ஒரு எண்ணை நம்பி வெறும் கையால் பதினோராயிரம் வோல்ட் கம்பியைப் பிடிக்கிறார்.

நவம்பர் இருபதாம் தேதி, வியாழக்கிழமை. இங்கே மின்வெட்டு எப்படி என்று உனக்குத் தெரியும், அறிவித்த நேரம் ஒன்று, அறிவிக்காத நேரம் இரண்டு. அன்று அந்தப் பகுதிக்குக் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வெட்டு. முந்தின நாள் மழையில் தைலமரக் கிளை விழுந்து ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருந்தது. எப்படியும் கரண்ட் இல்லாத நேரம்தானே, அதற்குள் மாற்றிவிடலாம் என்று திம்மப்பன் என்ற வயர்மேன் பதினொன்று இருபதுக்கு எல்.சி. வாங்கினார், எண் 114. மேலே ஏறிப் பார்த்தால் பீங்கானைத் தாங்கும் இரும்புச் சட்டமும் விரிந்திருக்கிறது, வேலை நீண்டுவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மற்ற ஐந்து லைனும் வந்துவிட்டது, இது ஒன்று வரவில்லை. இந்த ஒன்றில்தான் நாற்பதுக்கு மேற்பட்ட லேத் பட்டறைகள், மூன்று ஊர்களின் குடிநீர் மோட்டார்.

அந்தப் பட்டறைகளில் ஒன்று அசோக்குமாருடையது. மூன்று லேத் வைத்திருக்கிறார், நான்கு பேர் வேலை செய்கிறார்கள், கெட்டவர் இல்லை. அன்று மாலை நான்கு மணிக்கு லாரி வந்து சரக்கு எடுக்கவேண்டும், சரக்கில் பாதி கடையவில்லை. இந்தப் பட்டறைக்காரர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு, வாசலில் கம்பத்தில் வேலை நடக்கும்போது நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வயர்மேன் கீழே இறங்கிச் செல்போனில் 'எல்.சி. ரிட்டர்ன்' என்பார், ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிடும். இதைப் பத்து இருபது தடவை பார்த்ததில், ஈபிக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கடவுச்சொல் அது, சொன்னால் கரண்ட் விடுவார்கள், சொல்லாவிட்டால் சோம்பேறித்தனமாக உட்கார்ந்திருப்பார்கள் என்று அசோக்குமார் முடிவு செய்திருக்கிறார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அவரே துணை மின் நிலையத்துக்குப் போன் போட்டு, 'நான் திம்மப்பன் பேசறங்க, எல்.சி. ரிட்டர்னுங்க, போட்டுடுங்க' என்று சொல்லியிருக்கிறார். கம்பத்தில் ஆள் இருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. திம்மப்பன் காலையில் மொபெட்டில் போனதைப் பார்த்திருந்தார், பெயர் தெரியும், அவ்வளவுதான்.

லாவண்யா, 'நம்பர் சொல்லுங்க' என்று கேட்டிருக்கிறாள். அதற்கு, 'நம்பரெல்லாம் என்னாத்துக்கு மேடம், போடுங்க, எல்லாம் முடிஞ்சுது' என்று குரல். 'நம்பர் சொன்னாத்தான் போடுவேன், யார் பேசறீங்க நீங்க?' என்றாள். போன் வைக்கப்பட்டுவிட்டது. உடனே திம்மப்பன் செல்லுக்கு அடித்திருக்கிறாள். செல் கீழே மொபெட் பையில், கூட இருந்த ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், யாரும் எடுக்கவில்லை. யாரோ பொய்யாக ரிட்டர்ன் சொல்லுமளவுக்கு வந்துவிட்டார்கள் என்றால் அடுத்து நேரில் வருவார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காவல் நிலையத்துக்குச் சொன்னாள், அன்று வேறொரு இடத்தில் சாலை மறியல், ஜீப் அங்கே இருந்தது. அறையில் இவள் ஒருத்தி, கேட்டில் கங்கப்பன் என்ற வாட்ச்மேன், அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. பிரேக்கருக்கு இரண்டாவதாக ஒரு பூட்டும் போட்டாள். இரண்டு சாவியையும் எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்துக்குள் புதைத்து, மேலே ஊறுகாயை வைத்து மூடிவிட்டாள். சிரிக்காதே. அன்று மாலை டிபன் பாக்ஸைத் தேய்க்கும்போது இரும்பு வாடை அடிக்கிறதே என்று அம்மா முகர்ந்து பார்த்துக் கேட்டதில்தான் இந்த வீட்டுக்கு முழு விஷயமும் தெரிந்தது.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குக் கூட்டம் வந்தது. அறுபது பேர் என்கிறார் கங்கப்பன், எண்பது என்கிறார் அசோக்குமார், அவரும் அதில் இருந்தார். பட்டறை ஆட்கள், அவர்களுக்குப் பின்னால் காலிக் குடங்களோடு பெண்கள். கங்கப்பனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள், ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்தது. 'இன்னாம்மே, ஃபேன் போட்டுக்கினு உட்காந்துகினு இருக்க, எங்க பொழப்ப பாத்தியா' என்று ஒருவன். 'எங்க வூட்ல பச்சக் கொழந்தைக்குத் தண்ணி இல்ல, உனக்கு இன்னா, மாசமானா சம்பளம்' என்று இன்னொருவன். எழுதக்கூடாத வார்த்தைகளும் இருந்தன, அவற்றை எனக்குச் சொல்லும்போது கங்கப்பன் தரையைப் பார்த்துக்கொண்டார். அவள் பேனலுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, கம்பத்தில் ஆள் இருக்கிறார், அவர் இறங்கிச் சொன்னால்தான் போடமுடியும் என்றாள். யாரும் நம்பவில்லை. பொய் சொல்றா, பூட்ட உடைங்கடா என்றார்கள். கைப்பையைக் கொட்டினார்கள், மேசை டிராயரை இழுத்துப் போட்டார்கள், ஒருவன் டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்து, தயிர்சாதம் என்று மூடி வைத்துவிட்டான். பிறகு ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்து, சாவி எங்கே என்று கேட்டு, அறைந்தான். இரண்டு முறை. இடது கன்னமும் காதும். அவன் பெயரைப் புகாரில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், வழக்குப் பதிவாகியிருக்கிறது, அதை வாபஸ் வாங்கச் சொல்லி வந்தவர்களிடம் அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள், நானும் அப்படியே சொன்னேன்.

அடி வாங்கிய பிறகு அவள் செய்ததைத்தான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே விழவில்லை, அழவில்லை, திருப்பிக் கத்தவும் இல்லை. சத்தமாக, நிதானமாக, 'மேல இருக்கறவர் பேரு திம்மப்பன். அவர் பொண்டாட்டி பேரு கெம்பம்மா. ரெண்டு புள்ளைங்க. ஏரிக்கு அந்தப் பக்கம் கோயில் வளைவுக்கு அடுத்த மூணாவது கம்பம்' என்றாள். அதையே கன்னடத்தில், 'கம்பத மேலே ஆளு இத்தானே' என்று தொடங்கிச் சொன்னாள். பிறகு தெலுங்கில். பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல, ராயக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மூன்றும் ஒரே தெருவில் கிடைத்தவை. மூன்று மொழியிலும் சொல்லி முடித்துவிட்டு, 'உங்கள்ல ரெண்டு பேரு வண்டி எடுத்துக்கிட்டுப் போயிப் பாத்துட்டு வாங்க. ஆள் இல்லைன்னா நீங்களே பூட்டை உடைச்சுக்கங்க, நான் நகர்ந்துக்கறேன்' என்றாள். அதுவரை 'ஈபிக்காரி' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு கட்சியாக இருந்த அறைக்குள் மூன்றாவதாக ஒரு ஆள் வந்து நின்றுவிட்டார், பெயரோடு, பெண்டாட்டி பிள்ளைகளோடு.

குடத்தோடு வந்திருந்த காளியம்மாள் என்ற அம்மாதான் முதலில் வாயைத் திறந்தது. 'ஏன்டா டேய், அடிக்கத் தெரியுது, போயிப் பாக்கத் தெரியாதா? கால் இருக்குதில்ல, வண்டி இருக்குதில்ல? ஒருத்தன் மேல தொங்கிக்கினு இருக்கான்னு பொம்பள சொல்றா, நீ இன்னா அவன் பொண்டாட்டி தாலிய அறுக்கப்போறியா?' என்று கேட்டுவிட்டு, பேனலுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மாவைத் தேடிப்போய் நான் பேசினேன். எப்படிம்மா தைரியம் வந்தது என்று கேட்டதற்கு, 'தைரியம் இன்னா தைரியம், எனக்குக் கால் வலிங்க' என்றது.

இரண்டு பேர் போனார்கள், அதில் ஒருவர் அசோக்குமார். இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதுவரை அறையில் இருந்தவர்கள் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. திரும்பி வந்தவர்கள் கேட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். அசோக்குமார் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'கம்பத்துக்கு அடியில போயி நின்னு மேல பாத்தங்க சார். இடுப்புல கயிறு கட்டிக்கினு ரெண்டு கையிலயும் கம்பியப் புடிச்சுக்கினு இருந்தாரு. எங்களப் பாத்துட்டு, இன்னா அண்ணா, கரண்ட் இன்னும் வரலயா, இதோ அரை மணிலன்னு சிரிச்சாருங்க.' அறைக்குள் வந்து, 'இருக்காருங்க' என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னாராம். அத்தனை பேர் நின்ற இடத்தில், உடைந்த கண்ணாடி ஒன்று சட்டத்திலிருந்து நழுவி விழுந்தது எல்லாருக்கும் கேட்டது என்கிறார் கங்கப்பன். அடித்தவன் எப்போது வெளியே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு பத்துக்குப் போன் அடித்தது. லாவண்யா எடுத்து, 'நம்பர்?' என்றாள். 'நூத்திப் பதினாலு, திம்மப்பன், ஆளுங்க கீழ இறங்கியாச்சு, எர்த் கம்பி எடுத்தாச்சு, ரிட்டர்ன்' என்றார் அவர். திருப்பிச் சொன்னாள், எழுதினாள். பிறகு எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க டிபன் பாக்ஸைத் திறந்து, ஊறுகாயை ஓரம் தள்ளி, சாதத்துக்குள் விரல் விட்டுச் சாவியை எடுத்துக் குழாயில் கழுவினாள். கூட்டத்தில் யாரோ, 'அடிப்பாவி, இதுலயா' என்று சிரித்துவிட்டார்களாம். இரண்டு பதினாலுக்கு பிரேக்கரை மூடினாள். குடங்கள் போயின, பட்டறை ஆட்கள் போனார்கள். ஜீப் இரண்டரைக்கு வந்தது.

இனி என் பங்கு. அன்று மூன்று மணிக்குப் பட்டறைக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்து ஈபி ஆபீஸ் முற்றுகை என்றார். அந்த வாரத்தில் அது நான்காவது. டவுனில் இருக்கும் பிரிவு அலுவலகம் என்று நினைத்துக்கொண்டேன், எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. 'மின்வெட்டால் ஆத்திரமடைந்த பொதுமக்கள் அலுவலகத்தை முற்றுகையிட்டனர். அதிகாரிகள் பேச்சுவார்த்தை நடத்தியதன்பேரில் கலைந்து சென்றனர்' என்று எழுதி நான்கு மணிக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன். ஐந்தரைக்கு உன் மனைவி கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் காலை ஐந்தாம் பக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. அவள் படித்தாள், பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். இத்தனை வருடத்தில் பேருந்து நடத்துநர், ஆஸ்பத்திரி நர்ஸ், ரேஷன் கடைக்காரர் என்று எத்தனை பேரை அடித்ததை 'பொதுமக்கள் ஆவேசம்' என்று எழுதியிருப்பேன் என்று உட்கார்ந்து யோசித்தேன். அடி வாங்கியவர் பக்கம் போய் ஒரு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அதற்குப் பிறகு அவள் மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு லாக் புத்தகத்தைப் பார்த்தேன். '12.55: ஆட்கள் உள்ளே வந்தனர். பிரேக்கர் திறந்த நிலை, பூட்டு சரி. 1.05: என்னை அடித்தனர். பிரேக்கர் திறந்த நிலை, பூட்டு சரி. 1.15: இருவர் கம்பத்தைப் பார்க்கச் சென்றனர். பிரேக்கர் திறந்த நிலை, பூட்டு சரி.' ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், தமிழில் எழுதியிருக்கிறேன். மேலே கீழே இருக்கும் மற்ற நாட்களின் கையெழுத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு முன்னால் நான் எழுந்து நின்றுவிட்டேன், உதவிப் பொறியாளர் என்ன சார் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். நம் வீட்டில் தினமும் காபி போட்டுக்கொடுத்து, ரூபாவுக்குச் சடை பின்னிவிட்டுப் போகிற பெண், பிரதாப்.

மூன்றாம் நாள் அசோக்குமார் நம் வீட்டுக்கு வந்தார். போன் பண்ணினது நான்தான் என்று தானாகச் சொன்னார், துணை மின் நிலையத் தொலைபேசியில் யார் அழைத்தது என்று தெரியும் வசதி கிடையாது, சொல்லியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது. 'நீங்க நம்பர் கேக்காம போட்டிருந்தா நான் கொலைகாரன் மேடம்' என்று அழுதார். லாவண்யா, 'எங்கிட்ட சொல்லி என்ன பண்றது, திம்மப்பன்கிட்ட போயிச் சொல்லுங்க. போலீஸ் ஸ்டேஷன்லயும் சொல்லுங்க' என்றாள். போனார், இரண்டு இடத்துக்கும். திம்மப்பன் முழுவதும் கேட்டுவிட்டு, 'மேடம் நம்பர் கேட்டாங்களா?' என்றாராம். கேட்டாங்க என்றார் இவர். 'அப்ப சரி, உடுங்க' என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டாராம்.

அந்த வாரமே அவள் ஒரு யோசனை கொண்டுபோனாள். கூட்டம் உள்ளே வந்த பிறகு சொன்னதைக் கேட்டிலேயே சொல்லிவிடுவது. கரும்பலகை ஒன்று, மூன்று மொழியில்: எந்த லைன், எத்தனை மணியிலிருந்து, எந்த இடத்துக் கம்பம், மேலே இருப்பவர் பெயர், இவர் இறங்கிச் சொன்ன பிறகுதான் மின்சாரம். சந்தேகம் இருந்தால் இரண்டு பேர் வாட்ச்மேனோடு உள்ளே வந்து லாக் புத்தகத்தைப் பார்க்கலாம். இப்படி ஒரு விதி கிடையாது என்றார் ஓர் அதிகாரி, இன்னொருவர் தற்காலிகமாக இருக்கட்டும் என்றார். பலகைக்கு இரும்புச் சட்டம் அசோக்குமார் பட்டறையில் செய்தது. கன்னடம் தெலுங்கு எழுத்துகளைக் கங்கப்பன் எழுதுகிறார், அவர் கையெழுத்து இவ்வளவு அழகு என்று யாருக்கும் தெரியாது. நான்கு வாரமாகக் கணக்கு வைத்திருக்கிறேன். மூன்று முறை கூட்டம் வந்தது. மூன்று முறையும் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிட்டது, ஒரு முறை மட்டும் திரும்பும்போது ஒரு கல் விழுந்தது. மின்வெட்டு குறையவில்லை, கோபமும் குறையவில்லை. ஆனால் காளியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, அந்த அம்மா இப்போதெல்லாம் கேட்டில் வந்து நின்று, கரண்ட் எப்போ வரும் என்று கேட்பதில்லை, 'இன்னைக்கு யாருங்க மேல இருக்கறது?' என்று கேட்கிறதாம். நானும் முற்றுகைச் செய்திக்கு இனி உள்ளே இருந்தவரிடம் கேட்காமல் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், ஆசிரியர் பிரிவில் நீளம் கூடுகிறது என்று சலித்துக்கொள்கிறார்கள்.

உன்னிடம் ஒன்றையும் மூடி வைக்க விரும்பவில்லை. பத்து நாள் அவளுக்கு இடது காதில் இரைச்சல் இருந்தது, டாக்டர் சவ்வுக்கு ஒன்றுமில்லை என்றார், இப்போது இல்லை. வீட்டில் போன் அடித்தால் இன்னமும் தோள் தூக்கிப்போடுகிறது. கையை யாராவது பின்னாலிருந்து தொட்டால் திரும்பிவிடுகிறாள், ரூபா தொட்டாலும். முதல் நாள் நானும் நீ சொன்னதைத்தான் சொன்னேன், வேண்டாம்மா, விட்டுவிடு என்று. அம்மா மட்டும் மறுநாள் வழக்கம்போல் டிபன் கட்டி வைத்தாள், புளிசாதம். போன ஞாயிறு நீ பேசியதிலிருந்து லாவண்யா யோசித்துக்கொண்டிருக்கிறாள், அது எனக்குத் தெரிகிறது. நீ அங்கே தனியாக இருப்பதும் அவளுக்கு வலிதான். அவளிடம், அவனுக்கு என்னம்மா எழுதட்டும் என்று கேட்டேன். 'நடந்ததை மட்டும் எழுதுங்க மாமா. முடிவை நான் அவர்கிட்ட சொல்லிக்கறேன்' என்றாள். அதனால் முடிவை நான் எழுதவில்லை. நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

நேற்று பகல் பதினொரு மணிக்கு ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும், இடுப்பில் குழந்தை, கூடையில் தக்காளி. நான்தான் கதவைத் திறந்தேன். திம்மப்பன் மனைவி கெம்பம்மா. உள்ளே வரமாட்டேன் என்றாள், அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். நன்றி, தெய்வம் என்றெல்லாம் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், லாவண்யாவும் கொஞ்சம் கூசிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அப்படி ஒன்றும் அவள் சொல்லவில்லை. காபியைக் குடித்தாள், தம்ளரைக் கீழே வைத்தாள், அவளுக்கு வந்த தமிழில் கேட்டாள்: 'மேடம், உங்களுக்கு எந்த எந்த நாள் ட்யூட்டி?' எதற்கு என்று லாவண்யா கேட்டாள். 'நீங்க இருக்கற நாளு நான் வீட்டுல சும்மா இருப்பேன். இல்லாத நாளு கோயிலுக்குப் போவேன்' என்றாள். லாவண்யா அவளிடம் பொறுமையாகச் சொன்னாள், யார் ட்யூட்டியில் இருந்தாலும் நம்பர் கேட்டுத்தான் போடுவார்கள், எல்லாருக்கும் அதே விதி, நான் ஒன்றும் தனியாகச் செய்துவிடவில்லை என்று. கெம்பம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். 'ஆகட்டும் மேடம். இருந்தாலும் சொல்லுங்க' என்றாள்.

லாவண்யா உள்ளே போய்க் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து வந்து, மீதி டிசம்பரையும் ஜனவரி முழுவதையும் தேதி தேதியாக எழுதிக் கொடுத்தாள். கெம்பம்மாவுக்குக் கன்னடம்தான் படிக்க வரும் என்பதால் எண்கள் மட்டும், தன் நாட்களுக்கு வட்டம். அவள் தாளை வாங்கி விரல் வைத்து வட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தி, 'பிப்ரவரி?' என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். குழந்தை கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து லாவண்யா, 'இன்னும் போடலை. ஜனவரி கடைசியில வாங்க, எழுதித் தர்றேன்' என்றாள்.

அவ்வளவுதான் பிரதாப். புதன்கிழமைகளில் அவளுக்கு விடுமுறை, இது கிடைத்த வாரமே மாலை ஏழு மணிக்கு மேல் கூப்பிடு, பெரிய கார்டாக வாங்கி வைத்துக்கொள், முதலில் அவள் பேசட்டும், நீ கேள். உன் பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறது, புதுப்பிக்க இப்போதே மனு போடு, போன தடவை மாதிரி கடைசி வாரத்துக்கு விடாதே. வெயிலில் அலையாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள், இப்போது அங்கேயும் குளிர்காலம்தான் என்றேன், அப்படியானால் சுவெட்டர் போடச் சொல்லுங்கள் என்கிறாள். உன்னைத் தேடி வரும் எந்தக் கெடுதலும் உன் வாசலிலேயே திரும்பிப் போகட்டும், நீயும் உன் வீட்டாரும் ஒரே கூரையின் கீழ் நிம்மதியாக உண்டு உறங்கும் நாள் சீக்கிரம் வரட்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

உன் அன்பு அப்பா,
முனிவேல்